நூறு பூட்டுகளுக்கு ஒரு சாவி

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், பணம் வந்து சேர்ந்துடுச்சா? அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் தாயார் அடுக்களையில் நலமாகவே இருந்தார். நான் எவரிடமும் பணம் கேட்கவும் இல்லை. ஆனால் முந்தைய இரவு, என்னுடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அவருக்கும் இன்னும் பலருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், அவசரமாகப் பணம் தேவைப்படுவதாகவும் அதில் எழுதியிருந்தது. மற்றவர்கள் ஐயப்பட்டனர். அவர் ஒருவர் மட்டும் ஐயப்படாமல் தம் ஓய்வூதியத்திலிருந்து நாலாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார்.

இது எப்படி நேர்ந்தது? பல ஆண்டுகளுக்கு முன், இணையவழிப் புத்தகக் கடை ஒன்றில் நான் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தேன். அதற்குக் கொடுத்த கடவுச்சொல்லும் என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் ஒன்றே. அந்தக் கடையின் வாடிக்கையாளர் பட்டியல் திருடு போயிற்று. திருடியவர்கள் அதே சொல்லை என் மின்னஞ்சலில் போட்டுப் பார்த்தார்கள், கதவு திறந்துகொண்டது. மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் மாணவர்களுக்குக் கற்பிக்கும் நான், என் வீட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும் ஒரே சாவியைச் செய்து வைத்திருந்தேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வங்கி, மின்னஞ்சல், ரயில் முன்பதிவு, கல்வி உதவித்தொகை, மின்கட்டணம், தேர்வு விண்ணப்பம் என்று இன்று ஒருவருக்கே ஐம்பது, நூறு கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறான கடினமான சொல் வேண்டும் என்கிறார்கள். நூறு கடினமான சொற்களை மனிதரால் நினைவில் வைக்க இயலுமா? இயலாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததே கடவுச்சொல் பெட்டகம் எனப்படும் கணிப்பொறிச் செயலி. அது எவ்வாறு வேலை செய்கிறது, பலவற்றுள் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் திருட்டு

கணிப்பொறியில் கடவுச்சொல் 1960களின் தொடக்கத்தில் நுழைந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ என்பவரின் தலைமையில், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். ஒருவருடைய கோப்புகளை மற்றவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டில் அங்கே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் இருந்தார். வாரத்துக்கு நான்கு மணி நேரமே அவருக்குக் கணிப்பொறி கிடைத்தது. அது அவருக்குப் போதவில்லை. ஒரு துளை அட்டையில் கட்டளை எழுதிக் கொடுத்து, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்து வாங்கிக்கொண்டார்! பிறகு மற்றவர் பெயரில் நுழைந்து வேலை செய்தார். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இதிலிருந்து பெறும் பாடம் என்ன? எல்லாருடைய சொற்களும் படிக்கக்கூடிய வடிவில் ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு தாளைத் திருடினால் போதும். பூட்டுகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியதில்லை.

அரைத்த மாவும் உப்பும்

எனவே, கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல் உருமாற்றி வைக்கும் வழி பிறந்தது. அரிசியை அரைத்தால் மாவு கிடைக்கும்; மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாது. இதேபோல ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கென ஒரு நீண்ட எண்ணைத் தரும், ஆனால் அந்த எண்ணிலிருந்து சொல்லைக் கண்டுபிடிக்க விடாத கணித முறைகள் உண்டு. இவற்றை ஒருவழிச் சார்புகள் என்பர். நாம் சொல்லைத் தட்டச்சு செய்ததும், இணையதளம் அதை அரைத்து, தன்னிடமுள்ள மாவுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சொல் அதனிடம் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. திருடன் தானே ஆயிரக்கணக்கான சொற்களை அரைத்து வைத்துக்கொண்டு, எந்த மாவு ஒத்து வருகிறது என்று பார்க்கலாம். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் இருவருடைய மாவும் ஒன்றாகவே இருக்கும். இதைத் தடுக்க, ஒவ்வொருவர் சொல்லுடனும் வெவ்வேறான சில எழுத்துகளைச் சேர்த்து அரைக்கும் முறையை ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் ஆகிய இருவரும் 1979-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினர். சேர்க்கும் அந்த எழுத்துகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'!

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. பயனாளர்களின் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தபோது, அவற்றுள் 2,831 சொற்கள் மிகச் சிறியனவாகவோ அகராதியில் இருப்பனவாகவோ, எளிதில் ஊகிக்கத் தக்கனவாக இருந்தன. அதாவது நூற்றுக்கு 86. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அரைக்காமல், பச்சையாகவே வைத்திருந்தார்கள். அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்ட சொல் எது தெரியுமா? 123456. ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதை வைத்திருந்தனர்.

எத்தனை நாள் தாங்கும்?

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. அவற்றால் எட்டு எழுத்துச் சொற்கள் எத்தனை அமைக்கலாம்? 26-ஐ எட்டு முறை எழுதிப் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 20,900 கோடி. பெரிய எண்தான். ஆனால், எளிய முறையில் அரைக்கப்பட்ட மாவு திருடன் கையில் கிடைத்துவிட்டால், படக்காட்சி விளையாட்டுக்கு விற்கும் ஒரு நல்ல வரைகலை அட்டையைக் கொண்டு நொடிக்கு 1,000 கோடி ஊகங்களைச் சோதிக்கலாம். 20,900 கோடியும் 21 நொடிகளில் தீர்ந்துவிடும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் சேர்ந்த 94 உருக்களிலிருந்து 12 உருக்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் என்ன ஆகும்? அதே வேகத்தில் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

இங்கே 'குருட்டாம்போக்கில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மனிதர் மனம் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் குழந்தையின் பெயரை எழுதி, ஒரு குறி போட்டு, பிறந்த ஆண்டைச் சேர்க்கிறோம். வழக்கிலுள்ள பெயர்கள் ஐயாயிரம், ஆண்டுகள் நூறு, குறிகள் பத்து என்று கொண்டால் மொத்தம் 50 லட்சமே. திருடனுக்கு இது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேலை. சொல் நீளமாகத் தோன்றுவது போதாது; அது எத்தனை வாய்ப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே வலிமையின் அளவு.

பெட்டகம் செய்யும் வேலை

கடவுச்சொல் பெட்டகம் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, ஒவ்வொரு கணக்குக்கும் அதுவே குருட்டாம்போக்கில் ஒரு நீண்ட சொல்லை ஆக்கித் தருகிறது. இரண்டாவதாக, அவற்றையெல்லாம் சங்கேதமாக மாற்றிப் பூட்டி வைக்கிறது. மூன்றாவதாக, வேண்டிய இடத்தில் உரிய சொல்லை எடுத்து நிரப்புகிறது. நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல் ஒன்றை மட்டுமே.

மூன்றாவது வேலையில் நாம் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு. வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தை நம் கண் நம்பிவிடும். பெட்டகம் படத்தைப் பார்ப்பதில்லை. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது சொல்லை நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் பெட்டகம் ஓரிடத்தில் வாளாவிருந்தால், அதையே எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

"எல்லா நகைகளையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்டியே திருடு போனால் என்ன ஆகும் என்பதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்று விடை தருகிறது. 2022-ஆம் ஆண்டில் லாஸ்ட்பாஸ் என்ற பெட்டக நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தனர். வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் எடுத்துச் செல்லப்பட்டன என்று அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனமே அறிவித்தது. கடவுச்சொற்கள் சங்கேதமாகப் பூட்டப்பட்டிருந்தன. ஆகவே உடனே வெளிப்பட்டுவிடவில்லை. ஆனால் யார் யாருக்கு எந்தெந்தத் தளங்களில் கணக்கு உண்டு என்ற முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. தலைமைச் சொல் எளிதாக இருந்தவர்களின் பெட்டகங்களை ஊகித்துத் திறக்க, திருடர்களுக்கு வேண்டிய காலம் கிடைத்துவிட்டது.

பூட்டு உறுதியானதுதான். பெரும்பாலான பெட்டகங்கள் பயன்படுத்தும் ஏ.இ.எஸ். என்ற சங்கேத முறை, பெல்ஜியம் நாட்டு அறிஞர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகியோர் வகுத்தது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்ட இம்முறையை நேரடியாக உடைக்கப் பயன்படும் வழியை இதுவரை எவரும் வெளியிடவில்லை. ஆகவே திருடன் பூட்டை உடைக்க முயல்வதில்லை. சாவியை, அதாவது உங்கள் தலைமைச் சொல்லை, ஊகிக்கவே முயல்வான்.

இதற்காகவே பெட்டகங்கள் தலைமைச் சொல்லை ஒருமுறை அரைப்பதில்லை. மீண்டும் மீண்டும் அரைக்கின்றன. இம்முறைகளுள் ஒன்றுக்கு ஆறு லட்சம் சுற்றுகள் வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2023-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஒருமுறை திறக்கும் நமக்கு இதனால் ஏற்படும் தாமதம் ஒரு கணமே. ஆனால் நொடிக்கு 1,000 கோடி ஊகங்களைச் சோதித்த திருடனால் இப்போது 17 ஆயிரத்துக்கு மேல் சோதிக்க முடியாது.

பகடையால் ஆன சாவி

நல்ல தலைமைச் சொல்லை எப்படி அமைப்பது? 1995-ஆம் ஆண்டில் ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்பவர் ஓர் எளிய வழி சொன்னார். ஆறு பக்கப் பகடை ஒன்றை ஐந்து முறை உருட்டினால் 7,776 விளைவுகளுள் ஒன்று கிடைக்கும். எனவே 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, பகடை காட்டும் சொல்லை எடுக்க வேண்டும். இப்படி எடுத்த நான்கு சொற்களை வரிசையாக எழுதினால், மேற்சொன்ன நொடிக்கு 17 ஆயிரம் வேகத்தில் எல்லாவற்றையும் சோதிக்க ஏறத்தாழ 7 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். திருடனிடம் ஆயிரம் கருவிகள் இருந்தால்? ஏழே ஆண்டுகள்! ஆகவே ஐந்தாவது சொல் ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். ஆயிரம் கருவிகளுக்கும் இப்போது 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு சொல் செய்த வேலை இது.

இதை வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். 36 மாணவர்கள் ஆளுக்கு 36 தமிழ்ச் சொற்களைத் திரும்ப வராதவாறு எழுதட்டும். மொத்தம் 1,296. பகடையை நான்கு முறை உருட்டினால் கிடைக்கும் விளைவுகளும் சரியாக 1,296! இப்பட்டியலிலிருந்து ஆறு சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். கொக்கு, ஏணி, புளியங்காய், சங்கு, திண்ணை, ஊஞ்சல் என்பது போல வந்தால், ஒரு சிறு கதையாகக் கட்டி மனத்தில் இருத்துவது எளிது. (அச்சான இந்த வரிசையையே எடுத்துக்கொள்ளாதீர்கள்!) பிடித்த சொல் வரவில்லையே என்று மறுபடி உருட்டுவதும் கூடாது, அப்போது பகடை போய் மனம் வந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: என் தலைமைச் சொல் நிறுவனத்துக்குத் தெரியுமா? தெரியக் கூடாது. பூட்டுவதும் திறப்பதும் உங்கள் கருவியிலேயே நடக்க வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு: சொல்லை மறந்தால், பெரும்பாலும் நிறுவனத்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

இரண்டாவது: கடவுச்சொற்கள் மட்டுமா, தள முகவரிகளும் குறிப்புகளும் சேர்ந்து பூட்டப்படுகின்றனவா? 2022-ஆம் ஆண்டு நிகழ்ச்சி கற்பித்த கேள்வி இது.

மூன்றாவது: அதன் அமைப்பைப் பிறர் சோதித்துப் பார்க்க முடியுமா? எதிரிக்கு எந்திரத்தின் அமைப்பு முழுவதும் தெரிந்தாலும், சாவி மட்டும் தெரியாதவரை மறைபொருள் காக்கப்பட வேண்டும் என்று ஆகஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் என்ற அறிஞர் 1883-ஆம் ஆண்டிலேயே எழுதினார். செயலியின் மூல நிரலை வெளியிட்டு, வெளியாரைக் கொண்டு தணிக்கையும் செய்விக்கும் பெட்டகங்கள் இந்த நெறிக்கு உடன்பட்டவை.

நான்காவது: பெட்டகம் எங்கே இருக்கும்? நிறுவனத்தின் கணிப்பொறியில் இருந்தால், கைபேசி தொலைந்தாலும் வேறு கருவியில் திறக்கலாம். நம்மிடமே ஒரு கோப்பாக இருந்தால் அந்நியர் கைபடாது. ஆனால் நகல் எடுத்து வைக்கும் பொறுப்பு நம்முடையது.

ஐந்தாவது: வெளியேற வழி உண்டா? சேமித்தவற்றையெல்லாம் ஒரு கோப்பாக எடுத்து வேறு பெட்டகத்துக்கு மாற முடிய வேண்டும். அந்தக் கோப்பு பூட்டப்படாதது என்பதால், மாறியதும் அதை அழித்துவிட வேண்டும்.

இக்கேள்விகளைக் கொண்டு சிலவற்றைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த பிட்வார்டனின் மூல நிரல் வெளிப்படையானது. தனிமனிதருக்கு வேண்டிய அடிப்படை வசதிகள் இலவசம். கைபேசியிலும் கணிப்பொறியிலும் இயங்கும். கீபாஸ்எக்ஸ்சி முழுதும் இலவசம். பெட்டகம் நம்மிடமே கோப்பாக இருக்கும். நகல் எடுக்கும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு ஏற்றது. ஒன்பாஸ்வேர்ட் கட்டணம் கேட்கும்; தலைமைச் சொல்லுடன், நம் கருவியில் உண்டாகும் நீண்ட இரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்தே அது பூட்டுகிறது; எனவே நகல் திருடு போனாலும் ஊகித்துத் திறப்பது இயலாது. கூகுள், ஆப்பிள் கருவிகளில் கூடவே வரும் பெட்டகங்களும் உண்டு. தனியாக ஒன்றை நிறுவத் தயங்குபவர்க்கு இவை போதுமானவை. ஆனால் அந்தக் கணக்கையும் கைபேசியின் திரைப்பூட்டையும் உறுதியாக வைத்திருக்க வேண்டும். ஒரே கைபேசியை வீட்டில் நால்வர் பயன்படுத்தினால், தனிப் பூட்டுள்ள செயலியே நல்லது.

செயலி எதுவும் வேண்டாம் என்பவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் வேறு சொல்லை எழுதி, பீரோவில் பூட்டி வைத்த நோட்டுப் புத்தகம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதைவிடப் பன்மடங்கு மேல். கடல் கடந்து இருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே நாளில் நூறு சொற்களையும் மாற்ற முயன்றால் சலித்துப்போகும். முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் சொல்லை மறந்தால் புதிய சொல் வந்து சேரும் இடம் அதுவே. ஆகவே அதுவே தலைவாயில். அடுத்து வங்கி. மற்றவற்றை, பயன்படுத்தும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். மின்னஞ்சலுக்கும் பெட்டகத்துக்கும், கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கும் அட்டையின் நான்கு இலக்க எண்ணை மனத்திலேயே வையுங்கள். இணைய மையம் போன்ற பொது இடத்துக் கணிப்பொறியில் பெட்டகத்தைத் திறக்கவே வேண்டாம். தட்டும் எழுத்துகளை அது குறித்து வைத்துக்கொள்ளக் கூடும்.

கடைசியாக, தலைமைச் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டில் நிலப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைத்து, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நமக்கு ஏதேனும் நேர்ந்தால், குடும்பத்தார் மூடிய கதவின் முன் நிற்கக் கூடாதல்லவா?

அந்தப் பெரியவருக்கு நான் மறுநாளே நாலாயிரம் ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்களா எடுத்தீங்க, சார்?" என்று வாங்க மறுத்தார். பணம் போனது என் சாவியால்தான் என்று விளக்கி, கையில் திணித்துவிட்டு வந்தேன். பின்னர் ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்று, அவருடைய கைபேசியில் ஒரு பெட்டகத்தை நிறுவிக் கொடுத்தேன். பகடைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, அவருடைய பேத்தி பரமபதப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவள் உருட்ட, அவர் எழுத, ஐந்து சொற்கள் பிறந்தன. அவற்றை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.